ஆரின்ரை நாய்?

மாரி தொடங்க முந்திய ஒரு விடியற்காலை, எங்கள் கிணற்றடி வாழைகளுக்குள் ஒரு சிவலை நாய் நின்றது. என்னைக் கண்டதும் வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. திரும்பத் திரும்ப வாயைத் திறந்தது, காற்றுத்தான் வந்தது. கிட்டப் போனபோது அழுகல் நாற்றம் அடித்தது. கழுத்தைச் சுற்றி மயிர் இல்லாமல் ஒரு வெடிப்பு ஓடியது. குனிந்து பார்த்தால், வெடிப்புக்குள் கம்பி. மோட்டார் சைக்கிள் கிளச் வயர். பன்றிக்கும் மானுக்கும் காட்டோரம் கட்டுகிற சுருக்கு. நாய் இழுத்து அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அறுந்த மிச்சம் கழுத்தோடு வந்துவிட்டது. வந்து பல நாளாகியிருக்க வேண்டும். மேற்புறத்தில் தோல் கம்பியை மூடி வளரத் தொடங்கியிருந்தது. கீழ்ப்புறத்தில் புழு நெளிந்தது.

உள்ளூர் அலுவலகம் ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஆரின்ரை நாய்?"

"தெரியாது. காட்டுப் பக்கத்தாலை வந்து நிக்குது."

"ஆரையும் கடிச்சதோ?"

"இல்லை."

"அப்ப நாங்கள் என்ன தம்பி செய்யிறது?"

அவர் கேட்டது உண்மையான கேள்வி. குரலில் ஏளனம் இல்லை. அவரிடம் அதற்கொரு ஆளும் இல்லை, வாகனமும் இல்லை, எழுதி வைக்க ஒரு பதிவேடும் இல்லை. பக்கத்து வளவு அன்ரியைக் கேட்டேன். "உது எங்கடை இல்லை அப்பன். உந்தப் பக்கத்து நாயே இல்லை" என்று வேலிக்கு அப்பால் நின்றே சொன்னார். மிருக வைத்தியர்தான் கொஞ்சம் நம்பிக்கை தந்தார்: "கொண்டு வந்தால் பாக்கலாம். வந்து எடுக்க என்னட்டை ஆள் இல்லை." ஓட்டோக்காரர் நாற்றத்தைக் கண்டு மறுத்துவிட்டார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைய ஓட்டம் முழுக்க அவருக்குக் கெட்டிருக்கும். கடைசியில் பழைய சாரம் ஒன்றைத் தலைக்கு மேலால் போட்டு, உரப்பையில் கிடத்தி, லான்ட்மாஸ்ரர் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனோம். மயக்க ஊசி ஏறிய பிறகு வைத்தியர் குறட்டால் கம்பியை இரண்டு இடத்தில் வெட்டினார். வெட்டின துண்டை மேசையில் வைத்தபோது பார்த்தேன்: என் சுட்டுவிரலும் பெருவிரலும் சேர்த்துப் பிடிக்கிற வட்டத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதற்குள்ளால் அந்த நாய் இத்தனை நாளும் மூச்சு விட்டிருக்கிறது.

ஆரின்ரை நாய் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. வன்னியில் அதை இரண்டு சந்தர்ப்பத்தில் கேட்கிறோம். நாய் கடித்தால் கேட்கிறோம். அப்போது எப்படியோ ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிடுகிறோம். நாய் அடிபட்டுக் கிடந்தாலும் கேட்கிறோம். அப்போது ஊரில் ஒருவருமே அதற்குச் சொந்தமில்லை.

'கட்டாக்காலி' என்று நாங்கள் நாயைச் சொல்கிறோம். அது மாட்டுக்குப் பிறந்த சொல். காலி என்றால் மாட்டுமந்தை. கட்டாத காலி கட்டாக்காலி. ஆனால் வன்னியில் மாடு உண்மையில் ஆளில்லாமல் திரிவதில்லை. அதற்குக் குறி சுட்டிருக்கும், காதில் பட்டி இருக்கும், பெட்டிக்குள் அட்டை இருக்கும். வயலுக்குள் இறங்கினால் சபை பிடித்துக் கட்டும், சொந்தக்காரர் தண்டம் கட்டி அவிழ்த்துப் போவார். மாட்டின் பெயரை நாய்க்குக் கொடுத்த நாங்கள், மாட்டுக்குச் செய்து வைத்த ஏற்பாடு ஒன்றையும் அதற்குக் கொடுக்கவில்லை.

2025 தை மாதம் முல்லைத்தீவு மாவட்டத்தில் நடந்ததைப் பலர் படமாகவே பார்த்திருப்பீர்கள். ஒரு நாய் ஆட்டைக் கடித்தது. வழக்கு இணக்க சபைக்குப் போனது. நாயை ஆட்டுக்காரரிடம் ஒப்படைக்கும்படி முடிவானது. ஒப்படைக்கப்பட்ட நாய் கயிற்றில் தொங்கவிடப்பட்டது. படம் முகநூலில் பரவி நாடு முழுக்கக் கோபம் எழுந்த பிறகு ஒரு பெண் கைதானார். அந்தக் கோபத்தில் வன்னிச் சனத்தையே காட்டுமிராண்டிகள் என்று எழுதினவர்களும் உண்டு. எனக்கு நெஞ்சை உறுத்தினது அந்தக் கயிற்றுக்கு முந்திய கட்டம். பிணக்கைத் தீர்க்க நல்ல எண்ணத்தோடு மனிதர்கள் கூடுகிறார்கள். ஆட்டுக்கு நட்டம், நாய்க்காரருக்குப் பொறுப்பு, சரி. ஆனால் உயிருள்ள நாயொன்றை நட்ட ஈடுபோலக் கைமாற்றிவிட்டால், மறுநாள் அதற்கு என்ன நடக்கும் என்று கேட்க அந்த ஏற்பாட்டில் ஒரு இடமே இல்லை. நாயைப் பொறுப்பெடுக்க மூன்றாவதாக ஒரு கை, ஒரு காப்பகமோ சபையின் ஒரு கூடோ, பக்கத்தில் இருந்திருந்தால் அது அங்கே போயிருக்கும்.

ஆட்டின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மீள்குடியேறிய காலத்தில் வாழ்வாதார உதவி என்று வந்தவை பெரும்பாலும் ஆடும் கோழியும்தான். கணவனை இழந்த, கணவன் எங்கே என்றே தெரியாத பெண்கள் எத்தனையோ பேர் இரண்டு மறி ஆட்டில் இருந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். இங்கே ஒரு ஆடு என்றால் ஒரு பிள்ளையின் தவணைப் பரீட்சைச் செலவு, மழைக்கு முன் கூரைக்கு இரண்டு தகரம். அதைக் குதறிப் போட்ட நாயை மன்னியுங்கள் என்று பட்டணத்தில் இருந்து எழுதுவது சுகம். நாய்களைக் காக்க நினைக்கிறவர் முதலில் ஆட்டுக்காரியின் வளவில் இறங்கிப் பேச வேண்டும். அவர் இழப்புக்கு ஒரு வழி சொல்ல வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. மிருகவதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கம். கொடுமைக்கு அது விதித்த தண்டம் கூடினது நூறு ரூபா. 1907இல் அது ஏழை விவசாயியின் முதுகை முறிக்கும் தொகை. இன்றைக்கு அதைக் கொண்டுபோனால் ஒரு இறாத்தல் பாண் வராது. சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய விலங்கு நலச் சட்டமூலத்தை வரைந்து கொடுத்தது. அது நிறைவேறாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டமோ அதைவிடப் பழையது, 1901. உள்ளூராட்சி சபை ஒவ்வொரு நாயையும் பதிய வேண்டும், அனுமதி கொடுக்க வேண்டும். அப்படியென்றால் ஆரின்ரை நாய் என்ற கேள்விக்குப் பதில் எழுதி வைக்கும் கடமை நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சபையிடம்தான் இருக்கிறது.

நாய் பிடிப்பது என்றால் எங்கள் பெரியவர்களுக்கு ஒரே ஒரு பொருள்தான். வண்டி வரும், கம்பிச் சுருக்கோடு ஆட்கள் இறங்குவார்கள், போன நாய் திரும்பாது. 1893இன் விசர்நாய்ச் சட்டத்தில் தொடங்கிய வழக்கம் அது. 2006இல் அரசாங்கம் கொல்லும் முறையை நிறுத்தி, தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் திரும்பியது. அடுத்த ஆண்டே கொழும்பு மாநகர சபை 'புளூ போ' என்ற மிருக வைத்தியர் அமைப்போடு சேர்ந்து அந்த வேலையைத் தொடங்கியது. இது புது யோசனையும் இல்லை: சென்னையில் புளூ கிராஸ் 1964இலேயே பிடி, கருத்தடை செய், ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு என்று சொல்லித் தொடங்கி, மாநகராட்சி அதை ஏற்க முப்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்தது. ஆனால் அரசாங்கம் கொல்வதை நிறுத்திய அதே 2006இல், ஆவணியில்தான், போரால் ஏ9 பாதை பூட்டப்பட்டது. நாடு நாய்களோடு புதுவிதமாக வாழப் பழகத் தொடங்கிய ஆண்டுகளில் வன்னி பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்ததை இந்த மண்ணில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் சாமானும் கிழவிகளும் பிள்ளைகளும் ஏறினார்கள். நாய்க்கு இடமில்லை. பின்னால் ஓடி வந்தவை சில, அடுத்த இடப்பெயர்வு வரைக்கும் வந்தன. அதற்கும் அடுத்ததற்கு வரவில்லை. செட்டிகுளம் மெனிக் பாமுக்குள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் அடைபட்டது. கடைசி ஆட்கள் வெளியேறி முகாம் மூடியது 2012 புரட்டாதியில். பாதை பூட்டியதில் இருந்து எண்ணினால் ஆறு ஆண்டு; ஒரு நாயின் ஆயுளில் அது பாதி. பட்டிக்குக் காவல், வயலுக்குக் காவல், வேட்டைக்குத் துணை என்று ஒவ்வொரு வளவோடும் தலைமுறையாக இருந்த நாய்களின் தொடர் அங்கே அறுந்தது. திரும்பி வந்தபோது வளவில் நின்றவை முகம் தெரியாத நாய்கள். சனத்துக்கும் அவற்றுக்கும் இடையில் பழக்கம் இல்லை. சோறு வைத்தாலும் பெயர் வைக்கவில்லை.

இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் நாய்கள் சரணாலயத்தை நான் மதிப்பது இதனால்தான். அந்த அறக்கட்டளை மூலம் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், முதியவர்களுக்கு இல்லம் என்று நடத்தி வருகிற ஆறு. திருமுருகன், கைவிடப்பட்ட நாயையும் அதே வரிசையில் சேர்த்தார். ஊருக்கு ஊர் ஆலமரத்தடியில் சூலம் நட்டு வைரவருக்கு வடைமாலை சாத்துகிற சமூகம் நாங்கள். அவருடைய வாகனம் வாசலில் சொறியோடு படுத்திருந்தால் கல்லெடுக்கிறோம். அந்த இடைவெளியில் ஒரு வேலியடைத்த நிலத்தை வைத்தது பெரிய காரியம்.

ஆனால் மூன்று மாவட்டத்தின் பாரத்தை அந்த ஒரு வேலிக்குள் இறக்க முடியாது. வவுனியாவில் இருந்து இயக்கச்சிக்கு நூறு கிலோமீற்றர் அளவு ஓட வேண்டும். முல்லைத்தீவில் இருந்து பரந்தன் வந்து ஆனையிறவு தாண்ட வேண்டும். கழுத்தில் கம்பியோடு நிற்கிற நாயை யார் கொண்டுபோவது? இன்னொன்று: எந்த ஊரிலும் சரணாலயம் நிரம்புகிற வேகத்தில் தெரு காலியாவதில்லை. பெட்டை நாய் சினைப்பட்டு அறுபத்துமூன்று நாள் அளவில் ஈனும். ஆண்டுக்கு இரண்டு ஈற்று வரை, ஈற்றுக்கு நாலைந்து குட்டி. கடுவனை வைத்துக்கொண்டு பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியிலும் கோயில் மடத்திலும் விட்டுவிட்டு வருகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. நான் கண்ட கொடுமைகளில் அதிகம் நடப்பதும் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். அடியும் இல்லை, இரத்தமும் இல்லை. கண் திறந்து சில நாளான ஆறு குட்டிகள் வெயிலில் கிடந்து கத்தும், பின்னேரம் இரண்டுதான் கத்தும். அந்தத் தாய்க்கு ஒரு கருத்தடை செய்திருந்தால் எத்தனை சாக்குகள் மிச்சம்.

விசர் நோயும் இதே இடத்தில்தான் வந்து முட்டுகிறது. 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் செத்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது இருபது, முப்பதில் நிற்கிறது. நாய்க்குத் தடுப்பூசியும், கடிபட்டவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவச ஊசியும்தான் அதைக் கீழே கொண்டுவந்தன. பத்து நாயில் ஏழுக்கு ஊசி ஏறினால் நோய் பரவ வழியில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடித்துக் கொன்றால் அந்த ஏழில் ஒன்றும் சாகும், அதன் இடத்துக்கு ஊசி போடாத புதுநாய் வந்து குந்தும். கடிபட்டால் புண்ணைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; நாயைக் கொன்றுவிடாமல் பத்து நாள் கட்டி வைத்துப் பாருங்கள். செத்த நாயை வைத்துக்கொண்டு அதைப் பத்து நாள் கவனிக்க முடியாது.

கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதேச சபைகள் மூன்று, முல்லைத்தீவில் நாலு. 2025 மே மாதத் தேர்தலோடு இரண்டு ஆண்டுக்கு மேல் வெறுமையாகக் கிடந்த கதிரைகளில் மறுபடி உறுப்பினர்கள் அமர்ந்திருக்கிறார்கள். குப்பை அள்ள ஒவ்வொரு சபையிடமும் உழவு இயந்திரம் இருக்கிறது. அதன் பெட்டியில் வைக்க ஒரு கூடு செய்யட்டும். கம்பிச் சுருக்குக்குப் பதில் வலை வாங்கட்டும். இரண்டு தொழிலாளருக்கு முற்கூட்டியே விசர்த் தடுப்பூசி போட்டு, நாயை நோகாமல் பிடிக்க மிருக வைத்தியரைக் கொண்டு பழக்கட்டும். வாசல் பலகையில் ஒரு தொலைபேசி இலக்கம் எழுதட்டும். அடிபட்ட நாய், கட்டிப் பட்டினி போட்ட நாய், ஆடு கடித்த நாய், எதுவானாலும் அந்த இலக்கம். இணக்க சபையும் அந்த இலக்கத்துக்கு எடுக்கலாம். ஒரு வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில், ஒரு மதகுக்கு ஒதுக்குகிற காசில் முடிகிற வேலை இது. எங்கள் வட்டார உறுப்பினரிடம் நான் கேட்டுவிட்டேன். நீங்களும் உங்கள் உறுப்பினரைக் கேளுங்கள்.

சிவலை பிழைத்தது. வேப்பெண்ணெயும் மருந்தும் மாறி மாறிப் போட்டு இரண்டு மாதத்தில் புண் ஆறியது. கழுத்தைச் சுற்றி மயிர் முளைக்காத ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றது. சோறு எங்கள் வீட்டில். படுக்கை பக்கத்து வளவு அன்ரியின் மாட்டுக்கொட்டிலில். அவர் மீன் கழுவினால் தலையெல்லாம் அதற்குத்தான் போகிறது என்று பிறகுதான் அறிந்தேன்.

கிராம சேவையாளர் அலுவலகத்தடியில் நாய்களுக்குத் தடுப்பூசி போட வந்த அன்று கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு போனேன். அன்ரியும் குடையோடு கூட வந்தார். ஊசி ஏறியது; ஒரு சின்ன முனகல். அட்டை எழுதுகிற தம்பி தலை நிமிராமல் கேட்டார்.

"ஆரின்ரை நாய்?"

நான் வாயைத் திறக்க முன், அன்ரி தன் முழுப்பெயரையும், தகப்பன் பெயரையும், காணி இலக்கத்தையும் சொன்னார். ஒன்றையும் விடாமல் எழுதும்படி பக்கத்தில் நின்று பார்த்தார். அட்டையை வாங்கி மை காயும்வரை காற்றில் பிடித்தார். பிறகு இடுப்பில் இருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். போர்க்கால இடப்பெயர்வுகளில் மாத்தளன் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்த பை அது. பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சியும், காணி அனுமதிப்பத்திரமும், மாட்டு அட்டையும் அதற்குள்தான் இருக்கும். நாயின் அட்டையை மாட்டு அட்டைக்குப் பின்னால் வைத்து, பையை இரண்டாக மடித்து, திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார்.