குதிரை யாருக்கு?

மீமிசலில் கடலுக்கு முதுகைக் காட்டி உள்நாட்டுப் பக்கம் போனால் ஆவுடையார்கோயில். பழைய பெயர் திருப்பெருந்துறை. குதிரை வாங்கி வா என்று பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை, அமைச்சர் மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவிட்டாராம். பிறகு நரிகள் பரிகளாகி மதுரைக்குப் போயினவாம். இரவானதும் மீண்டும் நரிகளாகி ஊளையிட்டனவாம்!

நரி பரியான புராணம் கிடக்கட்டும், தோழர்களே! அதற்குள்ளே பதுங்கியிருக்கும் சரித்திரத்தைப் பாருங்கள். அரபு நாட்டுக் குதிரை அன்று கடல் வழியாகத்தான் பாண்டிய நாட்டுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்கியதையும், பேணத் தெரிந்தவர் இல்லாமல் அவை மாண்டுபோனதையும் எழுதி வைத்திருக்கிறார். மாண்டது குதிரை. மறைந்தது யாருடைய பொன்? உழுதவன் கொடுத்த வரி!

வந்த குதிரையில் ஏறியவர் யார்? மன்னன் ஏறினான், தளபதி ஏறினான். ஊர் எல்லையிலே நாம் செய்து நிறுத்தும் மண்குதிரையிலும் அய்யனார்தான் ஏறுகிறார். கலியாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏறுகிறார். பெண்? வழியை விட்டு ஒதுங்கி நிற்கிறாள்.

கதையிலாவது ஏறினாளா? 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ வந்தியத்தேவனைக் குதிரைமீது ஏற்றித்தான் தொடங்குகிறது. நந்தினி வருவது மூடுபல்லக்கில். கொடிக்கரைப் பூங்குழலியின் கையில் துடுப்பைக் கொடுத்தாரே கல்கி, அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் கடிவாளத்தையும் தன் கையில் பிடிக்கும் ஒரு கதாநாயகியை, பன்னிரண்டு வயதுச் சிறுமி படிக்கத்தக்க நடையில் நம் எழுத்தாளர்கள் எத்தனை பேர் படைத்தார்கள்?

சரக்கு இல்லையா? சரித்திரமே சரக்காகக் குவிந்து கிடக்கிறதே!

சிவகங்கை வேலு நாச்சியாரைப் பாருங்கள். 1772இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதரைக் கும்பினிப் படை கொன்றது. அவர் உடன்கட்டை ஏறவில்லை, குதிரை ஏறினார்! விருப்பாச்சியில் தங்கி, ஐதர் அலியின் துணையைப் பெற்று, எட்டாண்டு காத்திருந்து, 1780இல் சீமையை மீட்டார். அவர் அரசி. அரசி அல்லாதவர்களும் உண்டு. ராணி போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிர்விட்ட உடையாள், வெடிமருந்துக் கிடங்கைத் தன் உடலோடு எரித்த குயிலி என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். வழக்கில் உள்ளதை வழக்கு என்றும், சான்று உள்ளதைச் சான்று என்றும் பிரித்துச் சொல்லியே கதை எழுதலாம். சிறுமிக்குப் பகுத்தறியத் தெரியும்.

கடல் கடந்தும் பாருங்கள். 1913 ஜூன் 4. இங்கிலாந்தின் எப்சம் பந்தயத் திடல். பெண்ணுக்கு வாக்குரிமை கேட்ட எமிலி டேவிசன் பந்தயப் பாதையில் இறங்கினார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் குதிரை அவரை மோதி வீழ்த்தியது. நான்காம் நாள் இறந்தார். 1918இல் முப்பது வயது கடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆணுக்குச் சமமாகக் கிடைக்க 1928 ஆயிற்று. சென்னை மாகாணத்தில் 1921லேயே பெண்ணுக்கு வாக்குரிமை வந்தது. ஆனால் சொத்துள்ளவளுக்கு மட்டும். கூலிக்காரி அப்போதும் வெளியே!

அந்தக் கூலிக்காரி வேறொரு குதிரையில் ஏறினாள். அதுவும் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில்! 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தைக் கொண்டுபோனது. கூடவே மிதிவண்டியையும் கொண்டுபோனது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். கல்லுடைத்தவளும் களை பறித்தவளும் மிதிக்கப் பழகினார்கள். ஊர் சிரித்தது, ஏசியது. அவர்கள் இறங்கவில்லை. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணி அடித்து, புதுக்கோட்டை வீதிகளை நிறைத்தார்கள். ஆண்கள் ஓட்டும் வண்டியையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. ஏன் தெரியுமா? முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம்! பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிஞ்சியது. தகப்பனும் அண்ணனும் கூட்டிப்போகட்டும் என்று காத்திருந்த காலம் ஒழிந்தது.

இதுவும் இப்போது சரித்திரந்தான். அன்று மிதித்த பெண்ணின் பேத்தி இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பாட்டியின் கதை அவள் கையில் புத்தகமாக இருக்கிறதா? இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். ஊர் நூலகத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன் நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வோம். குதிரை கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம்; கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம்! மேடையில் பெண்ணுரிமை என்றால் நம் வாய் திறக்கிறது. “அப்பா, நான் வெளியூர்க் கல்லூரிக்குப் போகட்டுமா?” என்று மகள் வீட்டில் கேட்டால், மூடிக்கொள்கிறதே! புத்தகத்தில் குயிலியைப் போற்றிவிட்டு, வாசலில் மகளைத் தடுப்பவன் சரித்திரம் படித்தவன் ஆவானா?

தோழனே, மகளுக்குக் கதை சொல். கதை முடிந்ததும் அவள் எழுந்து புறப்பட்டால், வழியை விட்டு ஒதுங்கி நில். இதுவரை ஒதுங்கி நின்றவள் அவள். இனி நம் முறை.