பின்னறைக்கு எட்டாத அருகலை

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் திறன்பேசித் திரைக்கு இடம் மாறின. அதுவரை வீட்டில் இணையம் இருக்கிறதா, இல்லையா என்று மட்டுமே கேட்டுவந்த குடும்பங்கள், அது வீட்டின் எந்த மூலையில் கிடைக்கிறது என்று தேடத் தொடங்கின. வரவேற்பறையில் தெளிவாக ஓடிய வகுப்பு, படுக்கையறைக்குப் போனதும் உறைந்து நின்றது. ஆசிரியரின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை.

பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்ட பிறகும் இந்தச் சிக்கல் தீரவில்லை. எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். வீட்டில் அமைதியான இடம் பின்னறை. இணையம் நன்றாகக் கிடைக்கும் இடமோ தொலைக்காட்சி ஓடும் வரவேற்பறை. பயிற்சிக் காணொலியைப் பார்க்க வேண்டுமானால் அவள் பாட்டியின் தொடர்நாடகத்துக்கு அருகில்தான் அமர வேண்டும். அருகலை எட்டாத அறை, படிக்க முடியாத அறையாகிவிடுகிறது. இதைச் சரிசெய்யப் பெரும்பாலான வீடுகளில் பணம் தேவைப்படாது என்பதே இக்கட்டுரையின் செய்தி.

வைஃபை எனப்படும் அருகலை வேறு, இணையம் வேறு. முதலில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். நம் வீட்டுக்கு இணையம் இரண்டு கட்டங்களாக வந்து சேர்கிறது. முதல் கட்டம், நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை வரும் கம்பிவடம். டெலிகோம் மலேசியா நிறுவனம் 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யூனிஃபை சேவையைத் தொடங்கியபோது, ஷா ஆலாம், சுபாங் ஜெயா, பங்சார் போன்ற பகுதிகளுக்கு ஒளியிழை வடம் முதலில் வந்தது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பாலான குடியிருப்புகளில் அது உண்டு. தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளியாக வரும் தகவல், சுவரில் பொருத்திய சிறு பெட்டியில் மின்குறிப்பாக மாறுகிறது.

இரண்டாம் கட்டம் அங்கிருந்து தொடங்குகிறது. ரவுட்டர் எனப்படும் திசைவி அத்தகவலை வானொலி அலையாக்கி வீட்டுக்குள் பரப்புகிறது. திறன்பேசி அவ்வலையைப் பிடிக்கிறது. அருகலை என்பது இந்தக் கடைசிச் சில மீட்டர் தூரம் மட்டுமே.

ஆகவே, எந்தக் கட்டத்தில் கோளாறு என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. திசைவியிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று, இணைய வேகத்தை அளக்கும் செயலி ஒன்றைத் திறன்பேசியில் இயக்குங்கள். கிடைத்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சிக்கல் உள்ள அறைக்குச் சென்று அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். இரண்டு இடத்திலும் வேகம் குறைவாக இருந்தால் அருகலையைக் குறை சொல்லிப் பயனில்லை. பழுது வடத்திலோ நிறுவனத்தின் பக்கத்திலோ திசைவியிலோ இருக்கக்கூடும். அருகில் வேகமாகவும் அறையில் மெதுவாகவும் இருந்தால் அலை வழியில் எங்கோ தொலைகிறது. எங்கே தொலைகிறது என்பதை வீட்டுக்குள் நடந்தே கண்டுபிடித்துவிடலாம்.

கிள்ளானில் பரவலாகக் காணப்படும் வரிசை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பு குறுகலாகவும் உட்புறம் நீளமாகவும் இருக்கும் வீடு அது. ஒளியிழை வடம் சாலையிலிருந்து வருவதால், பொருத்த வந்தவர் பெட்டியை வாசலுக்கு அருகிலேயே பொருத்திவிட்டுப் போயிருப்பார். அவருக்கு அது எளிது. திசைவி தொலைக்காட்சி மேசைக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். அது வெளியிடும் அலை எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. வாசலில் இருக்கும் திசைவியின் அலையில் பாதி, கார் நிறுத்தும் இடத்துக்கும் சாலைக்கும் போய்விடுகிறது. உங்கள் வீட்டு மகிழுந்துக்கு நல்ல இணையம் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது!

மீதி அலை பின்னறையை நோக்கிப் பயணம் செய்கிறது. தூரம் இரு மடங்கானால் திறந்த வெளியிலேயே அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வீட்டுக்குள் இதோடு சுவர்களும் சேர்ந்துகொள்கின்றன. செங்கற்சுவர் ஒன்றைக் கடக்கும்போது அலை தன் ஆற்றலில் பாதியையோ அதற்கும் மேலாகவோ இழக்கலாம். இரண்டு சுவர்களுக்குப் பின்னால் கால்பங்கு, மூன்று சுவர்களுக்குப் பின்னால் அரைக்கால் பங்கு என்று தோராயமாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட் சுவர் இதைவிடக் கடுமையாகத் தடுக்கும்.

செங்கல் என்றதும் பிரிக்பீல்ட்ஸ் நினைவுக்கு வருகிறது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் அடுத்தடுத்து அழிந்தது. அக்காலத்து வீடுகள் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனவை. அதன்பின் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ஆட்சியாளராக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்றார். அதற்கான செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. நெருப்பிலிருந்து நகரைக் காத்த அதே செங்கல், இன்று நம் அருகலையை மறிக்கிறது. அத்தாப்பு வீட்டில் இந்தத் தொல்லை இருந்திருக்காது.

சுவர் அலையை முழுமையாக நிறுத்திவிடுவதில்லை என்பதும் உண்மை. 1890களின் நடுவில் அறிவியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு சோதனையை நடத்திக் காட்டினார். அவர் அனுப்பிய மின்காந்த அலை சுவர்களைக் கடந்து சென்று, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தது. நம் திசைவியும் அதே வகை அலையைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால், சட்டம் அதற்கு அனுமதிக்கும் ஆற்றல் மிகக் குறைவு. சிறிய இரவு விளக்கைவிடவும் குறைந்த ஆற்றலில் அது வீடு முழுவதையும் எட்ட முயல்கிறது. அந்த அலையை நாம் வீணாக்காமல் இருக்க வேண்டும்.

சுவரை நகர்த்த முடியாது, திசைவியை நகர்த்தலாம். வடத்தின் நீளம் எவ்வளவு இடங்கொடுக்கிறதோ அவ்வளவு தூரம் வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். ஆனால், பெட்டியிலிருந்து வரும் ஒளியிழையை மட்டும் இழுக்கவோ மடக்கவோ கூடாது, உள்ளிருப்பது கண்ணாடி. திசைவியைத் தரையில் வைக்காமல், மார்பளவு உயரத்திலோ அலமாரியின் மேலோ வையுங்கள். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் அலையை உறிஞ்சும். ஆகையால் தொலைக்காட்சியின் பின்புறம், நிலைக்கண்ணாடி, குளிர்பதனப் பெட்டி, மீன் தொட்டி ஆகியவற்றுக்கு அருகில் அது இருக்கக்கூடாது. நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. எவர்சில்வர் பாத்திரங்களை அழகாக அடுக்கி வைத்திருக்கும் அலமாரி அது. அதன் பின்னால் இருக்கும் அறைக்கு அலை போய்ச் சேருவது கடினம். மாடிப்படிக்குக் கீழே உள்ள சேமிப்பறையும் நல்ல இடமன்று. சிங்கப்பூரின் புதிய அடுக்குமாடி வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்ட பாதுகாப்பறை ஒன்று உண்டு. பொருள்களை அடுக்கி வைக்கும் அந்த அறைக்குள் திசைவியையும் வைத்துவிட்டால், வீட்டின் மற்ற பகுதிகளில் அலை பெரிதும் குன்றிவிடும்.

ஒவ்வொரு முறை இடம் மாற்றிய பிறகும் பின்னறைக்குச் சென்று வேகத்தை அளந்து பாருங்கள். சில திறன்பேசிச் செயலிகள் அலையின் வலிமையை டெசிபெல் கணக்கில் காட்டும். அந்த எண் எதிர்மறையாக இருக்கும். -50 என்றால் வலிமையானது. -67 வரை காணொலி வகுப்புக்குப் போதும். -80 என்றால் துண்டிப்பை எதிர்பார்க்கலாம். -50க்கும் -80க்கும் இடையே 30 தானே வேறுபாடு என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு 10 புள்ளி சரியும்போதும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. அப்படியானால் இது ஆயிரம் மடங்கு வேறுபாடு.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கதை வேறு. அங்கே வீடு சிறியது. தூரம் சிக்கலே அன்று. அண்டை வீடுகள்தாம் சிக்கல். திறன்பேசியில் அருகலைப் பட்டியலைத் திறந்தால் மேல்மாடி, கீழ்மாடி, எதிர்வீடு என்று இருபது பெயர்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலான திசைவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு வகை அலைகளை வெளியிடுகின்றன. 2.4 வகையில் சேனல் எனப்படும் தடங்கள் பல இருந்தாலும், 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. இருபது வீடுகளும் இந்த மூன்று தடங்களைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கருவி பேசும்போது அதே தடத்தில் உள்ள மற்றவை காத்திருக்கும். தீபாவளிக்கு முதல்நாள் ஜாலான் தெங்கு கிளானாவில் கடைக்காரரிடம் விலை கேட்க முயல்வதுபோல் ஆகிவிடுகிறது நிலைமை. நுண்ணலை அடுப்பும் ஏறக்குறைய இதே அலையில் இயங்குவதால், சோறு சூடாகும் நேரத்தில் காணொலி தடுமாறலாம்.

5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. தடங்களும் அதில் அதிகம். சுவரைக் கடக்கும் ஆற்றல்தான் குறைவு. வரிசை வீட்டில் இது குறை. அடுக்குமாடியிலோ இதுவே நன்மை. அண்டை வீட்டு அலையும் நம் வீட்டுக்குள் அவ்வளவாக நுழையாது அல்லவா? எனவே அடுக்குமாடியிலும் திசைவி இருக்கும் அறையிலும் 5 வகையையும், இரண்டு சுவர்களுக்கு அப்பால் உள்ள அறையில் 2.4 வகையையும் பயன்படுத்திப் பாருங்கள். சில திசைவிகள் இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்திருக்கும். அமைப்புப் பக்கத்தில் பெயரைப் பிரித்து வைத்தால் நாமே தேர்ந்தெடுக்கலாம்.

திறன்பேசியிடமும் சில குறைகள் உண்டு. அதன் அலைவாங்கி மிகச் சிறியது. மின்கலத்தைச் சேமிப்பதற்காக அது மெதுவாகவே பேசும். அருகலை இருவழிப் பேச்சு. திசைவி சொல்வது திறன்பேசிக்குக் கேட்டாலும், திறன்பேசியின் பதில் திசைவியை எட்டாமல் போகலாம். திரையில் இரண்டு கோடுகள் தெரிந்தும் பக்கம் திறக்காமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். உலோகத் தகடு பதித்த உறையைக் கழற்றிப் பார்க்கலாம். மின்சேமிப்பு முறையை அணைத்துப் பார்க்கலாம். மாடியிலிருந்து கீழே வந்த பிறகும் திறன்பேசி வலிமை குன்றிய பழைய அலையையே பிடித்துக்கொண்டிருப்பதுண்டு. அருகலையை அணைத்து மீண்டும் இயக்கினால் அது விட்டுவிடும். அதே இடத்தில் வேறொரு திறன்பேசி நன்றாக இயங்கினால், குறை உங்கள் கருவியில்தான். அப்போது சேமித்த அருகலைப் பெயரை நீக்கி, கடவுச்சொல்லை மறுபடியும் உள்ளிட்டு இணையுங்கள், மென்பொருளையும் புதுப்பியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பின்னறை வழிக்கு வரவில்லை என்றால்தான் கடைக்குப் போக வேண்டும். பலர் செய்யும் செலவு, மாதக் கட்டணத்தைக் கூட்டி அதிக வேகத் திட்டத்துக்கு மாறுவது. ஒரு காணொலி வகுப்புக்கு விநாடிக்கு 3 அல்லது 4 மெகாபிட் போதும். விநாடிக்கு 100 மெகாபிட் வாசலுக்கு வந்தும் பின்னறைக்கு எட்டாத வீட்டில், 300 மெகாபிட் வந்தாலும் சுவர் அதே சுவர்தான். அலை நீட்டிப்பான் என்ற சிறு கருவி விலை குறைவு. அதை அலை எட்டாத அறையிலேயே மாட்டுவது வீண். எடுத்துக் கொடுக்க அங்கே அலையே இல்லையே! பாதி வழியில், அலை இன்னும் வலிமையாக இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். வாங்கவும் அனுப்பவும் ஒரே அலையைப் பயன்படுத்தும் நீட்டிப்பானில் வேகம் பாதியாகக் குறையும் என்பதையும் நினைவில் கொள்க. நீளமான வரிசை வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது பழைய வழியையே. சுவரோரமாக ஒரு லேன் கேபிளை இழுத்து, பின்பகுதியில் இரண்டாவது திசைவியை வைப்பது அது. கேபிளுக்குச் சுவர் ஒரு தடையே அன்று. வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு ஆணி அடியுங்கள்.

திசைவிக்கு அருகில் நின்றும் வேகம் கிடைக்காத வீடுகளுக்கு வேறு வழி. திசைவியை அணைத்து அரை நிமிடம் கழித்து இயக்குங்கள். பலன் இல்லையென்றால், மூன்று நாள்களுக்குக் காலை, மாலை, இரவு என வேகத்தை அளந்து, தேதியோடும் நேரத்தோடும் ஒரு தாளில் எழுதுங்கள். சேவை நிறுவனத்தை அழைக்கும் பெற்றோரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள். “எங்கள் வீட்டில் இணையம் சரியில்லை” என்று சொல்வதைவிட, திசைவிக்கு அருகில் கிடைத்த எண்களைப் படித்துக் காட்டினால் பழுதுபார்ப்பவருக்கு வேலை எளிது. நிறுவனம் தீர்வு தராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் அளிக்கலாம். புகார் எண்ணையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.