தைப்பொங்கல் குழம்பும் அதன் உறவுகளும்

தாடிக்கொம்பு உள்ளிட்ட திண்டுக்கல் சமவெளி ஊர்களில் தைப்பொங்கலன்று வெண்பொங்கலுக்குத் துணையாக வைக்கப்படும் பொங்கல் குழம்பு, பச்சை மொச்சையோடு மஞ்சள் பூசணி, வாழைக்காய், கத்தரிக்காய், அவரை, கிழங்குகள் ஆகியவற்றைப் புளிக்கரைசலில் சேர்த்துக் கொதிக்கவைப்பதாகும். இதே கலவை காவிரிப் படுகையில் மார்கழித் திருவாதிரைக் களிக்குத் துணையாகும்போது, காய்களின் எண்ணிக்கையால் ஏழுகறிக் கூட்டு என்றும் ஏழுதான் குழம்பு என்றும் பெயர் பெறுகிறது. திருநெல்வேலிப் பக்கத்தில் எள், அரிசி, துவரம்பருப்பு, மிளகாய் முதலியவற்றை வறுத்து அரைத்துச் சேர்ப்பதால் சுவையே வேறாகி, தாளகம் எனப்படுகிறது. கேரளத்தின் திருவாதிரைப் புழுக்கில் புளிக்கு இடமில்லை; கிழங்குகளும் பயறும் தேங்காயோடு குழைந்து கெட்டியாக நிற்கும்.

பெயர் எதுவாயினும், இவற்றுள் பலவற்றில் மொச்சை இடம்பெறுவதற்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. மொச்சையின் மரபு வகைகள் குறும்பகல் தாவரங்கள், அதாவது பகற்பொழுது சுருங்கும் பருவத்தில் பூக்கும் இயல்புடையவை. ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, மார்கழி, தையில் பச்சைக் காயாகப் பறிப்புக்கு வருகின்றன. குஜராத்தில் மகர சங்கராந்திக்குச் சமைக்கும் உந்தியுவிலும், மராட்டியர் போகிக்கு எள் சேர்த்துச் செய்யும் காய்க்கலவையிலும் இதே இனத்து அவரைக்காய் இடம்பெறுவதற்கும் அந்தக் குளிர்காலப் பறிப்பே காரணம்.

சமையல் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. காய்களின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருள் புளிப்பில் எளிதில் கரையாது என்பதால், புளியை முதலிலேயே ஊற்றினால் வாழைக்காயும் மொச்சையும் வேக நெடுநேரமாகும்; முக்கால் வேக்காட்டிற்குப் பின் ஊற்றினாலோ, காய்கள் வெந்தும் உருக்குலையாமல் நிற்கும்.

நாட்டுக்காய் மட்டுமே சேர வேண்டும் என்று உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் விலக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஆனால் விலக்கில்லாமல் நுழையும் மஞ்சள் பூசணி, மதுரைக்குத் தெற்கே சீனிக்கிழங்கு எனப்படும் சர்க்கரைவள்ளி, காரத்துக்கான மிளகாய் ஆகிய மூன்றும் உருளைக்கிழங்கைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்பது சற்று வேடிக்கையானதுதான். மிஞ்சியதை மாட்டுப்பொங்கலன்று மீண்டும் அடுப்பேற்றி நீர் வற்றக் காய்ச்சினால் கிடைக்கும் சுண்டக்குழம்பில், புளிப்பும் உப்பும் செறிந்து, முதல்நாள் குழம்பைவிடச் சுவை கூடியிருக்கும்.