கதிர் மருத்துவத்திற்குச் செல்லுமுன்

காஞ்சி மாநகரை அடுத்த காரைப்பேட்டையில், 1969ஆம் ஆண்டு புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரால் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை அமைந்துள்ளது. கதிர்வீச்சு மருத்துவம் பெறுவோருட் பலர் மருத்துவமனையில் தங்குவதில்லை. பெரும்பாலும் வாரத்திற்கு ஐந்து நாளாகச் சில வாரங்கள் இல்லத்தினின்றே சென்று வருவர். ஆதலின் ஆயத்தமும் இல்லத்திலேயே தொடங்குகிறது.

கதிர் பாயவேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் மையால் குறியிடுவர். அதனைத் தேய்த்துக் கழுவலாகாது. மங்கினால் தாமே வரைதலும் தவறு. அவ்விடத்தில் மருத்துவரைக் கேளாது தைலம் பூசுதலும் கூடாது. பட்டு நெய்யும் ஊரினராயினும் அன்று உடுத்தற்கு ஏற்றது தளர்வான பருத்தியாடையே. பழைய சோதனைத் தாள்களும் மருந்துச் சீட்டும் உடனிருத்தல் வேண்டும்.

தறியில் பாவு காத்திருக்கிறதே, ஒரு நாள் செல்லாதிருந்தால் என்ன என நெசவாளர் எண்ணக்கூடும். விட்ட நாள்களில் எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருக இடமுண்டாகும்.