விமானப் பயணத்தின் கார்பன் தடம்: வகுப்பறையில் ஒரு கணக்கு

குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பகுதி மாணவர்களுக்கு விமானப் பயணம் புதிதல்ல. தோல், காலணி ஏற்றுமதியாளர்கள் வணிகத்திற்காக ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் செல்கின்றனர். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் தந்தையரைக் கொண்ட பிள்ளைகளும் நம் வகுப்பறைகளில் உண்டு. ஆகவே 'கார்பன் தடம்' என்ற பாடப்பொருளை விமானத்திலிருந்தே தொடங்கலாம்.

கணக்கிடும் முறை

சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் நேர்வழியில் சுமார் 7,600 கி.மீ. விமானம் சற்று வளைந்தும் வட்டமிட்டும் செல்வதால் 100 கி.மீ. கூட்டி 7,700 எனக் கொள்வோம். சாதாரண வகுப்பில் ஒரு பயணிக்கு 100 கி.மீ.க்குச் சுமார் 3 லிட்டர் எரிபொருள் செலவாகிறது என வைத்துக்கொள்வோம்.

எரிபொருள்: 77 × 3 = 231 லிட்டர்
நிறை (லிட்டருக்கு 0.8 கி.கி.): 184.8 கி.கி.
கார்பன் டை ஆக்சைடு: 184.8 × 3.16 = 584 கி.கி.
போக வர: 1,168 கி.கி.

"185 கிலோ எரிபொருள் எப்படி 584 கிலோ வாயுவாகும்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். பத்தாம் வகுப்பு அணு நிறைப் பாடம் இங்கே கைகொடுக்கும். கார்பனின் நிறை 12. காற்றிலுள்ள ஆக்சிஜன் இரண்டு அணுக்கள் சேர்ந்தால் 44. எரிபொருளில் சுமார் 86 விழுக்காடு கார்பன். 0.86 × 44 ÷ 12 என்பது ஏறத்தாழ 3.16. கூடுதல் நிறை காற்றிலிருந்து வருகிறது.

எண்ணுக்குப் பொருள்

இந்தியர் ஒருவரின் ஆண்டுச் சராசரி உமிழ்வு சுமார் 2 டன். ஒரே ஒரு பயணம் அதில் பாதியைத் தாண்டுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சுமார் 0.7 கி.கி. எனக் கொண்டால், இது சுமார் 1,670 யூனிட்டுக்குச் சமம். இரு மாதத்திற்கு 200 யூனிட் செலவிடும் வீட்டின் ஏறத்தாழ பதினேழு மாத மின்சாரம்!

விடை ஏன் மாறுகிறது?

வெவ்வேறு கணிப்பான்கள் வெவ்வேறு விடை தரும். உயர்வகுப்பு இருக்கை அதிக இடத்தை அடைப்பதால் அதன் பங்கு இரண்டு, மூன்று மடங்காகும். காலி இருக்கைகள், சரக்கின் பங்கு ஆகியவையும் விடையை மாற்றும். விமானம் விட்டுச்செல்லும் வெண்புகைக் கோடுகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் புவியைச் சூடாக்குகின்றன. விமானங்களின் மொத்த வெப்பத் தாக்கம் கார்பன் டை ஆக்சைடினால் மட்டும் ஏற்படுவதைப் போல 2 முதல் 4 மடங்கு என 1999-இல் ஐ.பி.சி.சி. மதிப்பிட்டது. எனவே நம் விடை தோராயமானது. எவற்றைச் சேர்த்தோம், எவற்றை விட்டோம் என்பதை மாணவர்கள் விடையுடன் எழுதப் பழக வேண்டும்.

ஆசிரியர் கவனத்திற்கு

இக்கணக்கு எந்தக் குழந்தையையும் குற்ற உணர்வுக்கு ஆளாக்கக் கூடாது. துபாய் சுமார் 2,900 கி.மீ. இதே முறையில் போக வர 455 கி.கி. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் தொழிலாளிக்கு ஆண்டுக்குச் சுமார் 228 கி.கி.தான். ஆண்டுக்கு நான்கு முறை பிராங்க்பர்ட் சென்று வருபவருக்கோ 4,672 கி.கி.; ஏறத்தாழ 20 மடங்கு. உயர்வகுப்பில் சென்றால் இன்னும் அதிகம்.

இந்த இரு கணக்குகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். "எந்தப் பயணத்தைக் குறைக்க முடியும்? எதற்குப் பதிலாகக் காணொலிக் கூட்டம் போதும்? எதற்கு மாற்றே இல்லை?" என்று கேளுங்கள். கணக்குப் பாடமும் அறிவியல் பாடமும் சமூக அறிவியலோடு கைகோக்கும் இடம் இதுவே.