காசை எண்ணினோம், ஆளை எண்ணவில்லை

திருப்பயணம் என்ற சொல்லைக் கேட்டதும் தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டை வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் உள்ளம் நாடுவது வேளாங்கண்ணியையே. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவு. வசதி படைத்தோர் காரில் செல்வர். ஆகஸ்ட் மாதத்தில் காவியுடுத்துக் கடற்கரைச் சாலை வழியே கால்நடையாகவே செல்வோரும் உளர். நம் இளமையில் மீட்டர் கேஜ் ரயிலில் நாகப்பட்டினம் வரை சென்று, அங்கிருந்து பேருந்தைத் தேடி ஓடுவோம். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு இருப்புப் பாதை வந்தது 2010-ஆம் ஆண்டில்தான். வசதிகள் பெருகியிருப்பினும், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குப் பயணச் செலவு இன்றும் ஒரு சுமையே.

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நம் பங்கின் மரியாயின் சேனையினர் முப்பத்தெட்டுப் பேர் வேளாங்கண்ணி செல்ல விரும்பினர். வாடகைப் பேருந்துக்கு விசாரித்தபோது, அவர்கள் கேட்ட தொகை பலருக்கும் எட்டாததாக இருந்தது. "கவலை வேண்டா, ரயிலிலும் அரசுப் பேருந்திலும் சென்றால் ஆளுக்கு 1,200 ரூபாயில் முடித்துவிடலாம். வழியிலுள்ள ஊர்களையும் சிறிது நேரம் இறங்கிப் பார்க்கலாம்" என்று கூறித் திட்டத்தை நாமே ஏற்றுக்கொண்டோம். சிக்கனத்தில் நமக்கு ஒரு பெருமை உண்டு. அப்பெருமை எங்கே சென்று முடிந்தது என்பதைக் கூறவே இக்கட்டுரை.

புறப்படும் முன்னரே கணக்கு இருமுறை தவறியது. தாம்பரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு ஒரே ரயில் டிக்கெட் எடுத்து, இடையே இறங்கி ஏறிக்கொள்ளலாம் என எண்ணியிருந்தோம். அவ்வாறு இடையில் இறங்கித் தங்கும் சலுகை 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கே உரியது என்று டிக்கெட் கொடுப்பவர் பொறுமையுடன் விளக்கினார். அடுத்தது, முதியோர் கட்டணச் சலுகை. நம் குழுவில் பாதிப்பேர் அறுபதைக் கடந்தவர்கள். அச்சலுகை 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேயே நிறுத்தப்பட்டதை மறந்து, திரும்பி வரும் இரவு ரயிலுக்குக் குறைந்த கட்டணம் போட்டு வைத்திருந்தோம். துண்டு விழுந்த தொகையை வேறெங்கேனும் மிச்சம் பிடித்தாக வேண்டும். அன்றுமுதல் நம் கண் கணக்குப் புத்தகத்தை விட்டு அகலவில்லை.

புறப்படும் காலையில் தாம்பரம் ரயில் நிலையத்தில் அனைவருக்கும் ஓர் அறிவுரை கூறினோம்: "கையில் காசு வைத்துக்கொள்ள வேண்டா. தொலைந்துபோகும், களவுபோகும். எல்லாச் செலவும் பொதுப் பணத்திலிருந்தே நடக்கும்." அனைவரும் தலையசைத்தனர். சிலர் பேச்சளவில் தலையசைத்தனர். ஒருவர் மட்டும் சொல்லுக்குச் சொல் கீழ்ப்படிந்தார். எழுபதைக் கடந்த கைம்பெண் அவர். மாதம் நூறு ரூபாயாக ஓராண்டு சேர்த்துப் பயணத் தொகையைச் செலுத்தியவர். இடுப்பில் முடிந்து வைத்திருந்த சில்லறையையும் அவிழ்த்து மருமகளிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினார்.

முற்பகலில் புதுவையை அடைந்தோம். ரயில் நிலையத்துக்கு அருகிலேயே உள்ளது இயேசுவின் திருஇருதயப் பேராலயம். 1907-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்று, 2011-ஆம் ஆண்டில் பசிலிக்காவாக உயர்த்தப்பெற்றது. வண்ணக் கண்ணாடிகளின் வழியே தரையில் விழும் ஒளியை முதியோர் சிலர் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து மகிழ்ந்தனர். வீட்டிலிருந்து கட்டி வந்த புளியோதரையை உண்டோம். இரண்டு மணி நேரம் தங்கினோம். ஒரு காசும் செலவில்லை. நம் திட்டத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

அங்கிருந்து பேருந்துப் பயணம். நம் அன்னையருள் ஒருவர் நடத்துநரிடம், "சென்னையிலே எங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்களே தம்பி" என்று வாதாடத் தொடங்கினார். 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்த மகளிர் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கே உரியது. வெளியூர் வண்டிக்கு இல்லை. "வெள்ளைப் பலகை வண்டி வேளாங்கண்ணி வரைக்கும் போனா, என் பொண்டாட்டியும் உங்ககூட வந்திருப்பாளே அம்மா" என்றார் நடத்துநர். பேருந்து முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். அன்று நாம் கவலையின்றிச் சிரித்தது அதுவே கடைசி.

கொள்ளிடத்துக்கு வடக்கே ஓர் ஊரில் பேருந்து மாற வேண்டியிருந்தது. ஊரின் பெயர் இங்கு வேண்டா; குற்றம் ஊருடையதன்று. தெற்கே செல்லும் வண்டி ஒன்று வந்து நின்றது. அனைவருக்கும் இடமில்லை. "பெண்கள் முதலில் ஏறுங்கள்" என்று சொல்லி, இருபது பேருடன் நாமும் ஏறிக்கொண்டோம். எஞ்சியோரை அடுத்த வண்டியில் அழைத்து வரும்படி ஓர் இளைஞரிடம் ஒப்படைத்தோம். தரங்கம்பாடியில் கூடுவது என ஏற்பாடு. பின்வந்த வண்டியில் பதினேழு பேர் ஏறினர். இளைஞர் பதினேழு டிக்கெட் எடுத்தார். எஞ்சியோர் முன்வண்டியில் சென்றிருப்பர் எனக் கருதினார். நம்மை நீக்கி இருபதும் பதினேழும் முப்பத்தேழு. புறப்பட்டவர் நம்மையன்றி முப்பத்தெட்டு.

மாலையில் தரங்கம்பாடிக் கடற்கரையில் நின்று, டென்மார்க் நாட்டார் 1620-ஆம் ஆண்டில் எழுப்பிய கோட்டையைக் காட்டினோம். 1706-ஆம் ஆண்டில் அங்கு வந்திறங்கிய சீகன்பால்க் தமிழ் கற்றதையும், 1715-ஆம் ஆண்டில் தமிழில் புதிய ஏற்பாடு அங்கே அச்சேறியதையும் விரித்துரைத்தோம். குருமடத்தில் பயின்றதெல்லாம் நாவில் வந்து நின்றது. இரண்டாம் வண்டி வந்து சேர்ந்தது. இளைஞர் டிக்கெட்டுகளை நம்மிடம் தந்தார். புத்தகத்தில் குறித்தபோது, மதிப்பிட்டதைவிட ஒரு டிக்கெட் குறைவாயிருந்ததைக் கண்டோம். "நல்லது, மிச்சம்" என்று கூறிப் புத்தகத்தை மூடினோம். அன்பு வாசகரே, இதை எழுதும்போதும் நம் முகம் சிவக்கின்றது.

செபமாலை சொல்ல அமர்ந்தபோதுதான், "அந்தப் பாட்டி எங்கே?" என்று ஒரு சிறுமி கேட்டாள். முன்வண்டியில் வந்தோர் பின்வண்டியினரைப் பார்த்தனர்; பின்வண்டியினர் முன்வண்டியினரைப் பார்த்தனர்.

அந்நேரம் நம் நினைவில் எழுந்தது புனித லூக்கா எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம். பாஸ்கா விழாவுக்கு யெருசலேம் சென்ற திருக்குடும்பம் ஊர் திரும்புகின்றது. பன்னிரண்டு வயதுப் பாலகன் கூட்டத்தில்தான் இருப்பான் என எண்ணித் தாயும் தந்தையும் ஒரு நாள் பயணம் வந்துவிடுகின்றனர். பின்னர் உறவினரிடையே தேடுகின்றனர். காணாமல் திரும்பி ஓடுகின்றனர். எத்தனையோ முறை இப்பகுதிக்கு மறையுரை ஆற்றியுள்ளோம். கவலையற்ற ஒரு நினைப்பே அங்கு நேர்ந்த துயரத்தின் தொடக்கம் என்பது அக்கடற்கரையிலேதான் நமக்கு விளங்கிற்று. மரியாளும் சூசையப்பரும் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுக்கே அது நேர்ந்ததெனில், "கூட்டத்தில் இருப்பார்" என்னும் நினைப்பு எத்துணை எளிதில் எவரையும் ஏமாற்றவல்லது!

குழுவினரை வேளாங்கண்ணிக்கு அனுப்பிவிட்டு, இளைஞருடன் வந்த வழியே திரும்பினோம். காரைக்காலிலும் நாகூரிலும் இறங்கிப் பார்க்கும் திட்டத்தை எல்லாரும் கைவிட்டனர். அந்த அன்னையிடம் கைப்பேசி இல்லை. நம் எண்ணும் அவருக்குத் தெரியாது. இருட்டிவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நிற்க நிற்க, ஒவ்வொரு நிமிடமும் ஒரு மணியாகத் தோன்றியது.

அவர் அதே பேருந்து நிலையத்தில், பூ விற்கும் ஒரு பெண்ணின் அருகே கோணிமீது அமர்ந்து, அவருக்காகப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் அவர் அழவில்லை. "வருவீங்கன்னு தெரியும் சாமி. அதான் இடத்தைவிட்டு நகரலை" என்றார். பூக்காரப் பெண்ணோ நம்மை விடவில்லை. நாம் குருவானவர் என்பதை உடையைக் கொண்டு அவர் அறிய வழியில்லை. "வயசானவங்களைக் கூட்டியாந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிப் போகணும்ல? மூட்டையைக்கூட எண்ணித்தானே ஏத்துறீங்க?" என்றார். நம் வாழ்நாளில் கேட்ட மறையுரைகளில் அதைவிடக் கூர்மையானது வேறில்லை. தலைகுனிந்து கேட்டுக்கொண்டோம். தேநீருக்கும் இட்டிலிக்கும் அவர் செலவிட்ட தொகையைக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

நடந்தது என்ன என்பதைத் திரும்பும் வண்டியில் அந்த அன்னை மெல்லக் கூறினார். அவர் கழிப்பிடம் செல்ல வேண்டியிருந்தது. அதற்கு ஐந்து ரூபாய் வேண்டும். கையில் காசில்லை. பொதுப் பணப் பை நம்மிடமும் இளைஞரிடமுமே இருந்தது. "ஆம்பளைங்ககிட்டப் போயி இதுக்கா காசு கேக்குறது சாமி? வெக்கமா இருந்துச்சு." நம் பெண்களுள் எவரையாவது தேடினார், பெண்களை நாம் முதல் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் பூக்காரப் பெண் ஐந்து ரூபாய் கொடுத்தார். திரும்பி வந்தபோது இரண்டு வண்டிகளும் போய்விட்டிருந்தன.

ஓராண்டு முழுவதும் சேர்த்து 1,200 ரூபாய் கொடுத்த ஒருவரை, ஐந்து ரூபாய் இன்றி அந்நிய ஊரில் நிற்கச் செய்தது எது? நம் சிக்கனம்தான். சிக்கனம் நற்பண்பே, ஆயினும் நாம் காத்தது காசை. காசின் பொருட்டு, வாய்விட்டுக் கேட்கக் கூசும் ஒரு முதியவரின் மானத்தை மறந்தோம்.

இரவு பதினொரு மணிக்கு வேளாங்கண்ணியை அடைந்தோம். குழுவினர் ஒருவரும் உறங்காமல் ஆலய முன்றிலிலேயே அமர்ந்திருந்தனர். 1962-ஆம் ஆண்டில் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் பசிலிக்காவாக உயர்த்திய அத்திருத்தலத்தின் ஒளி கடல்வரை வீசிக்கொண்டிருந்தது. அக்கடலைப் பார்க்கையில் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 நினைவுக்கு வந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி வந்திருந்த திருப்பயணிகள் பலரை ஆழிப்பேரலை அங்கே வாரிச் சென்றது. புறப்பட்டவர் எண்ணிக்கையும் திரும்பியவர் எண்ணிக்கையும் ஒன்றாகாத குடும்பங்கள் எத்தனை! நம் முப்பத்தெட்டுப் பேரையும் ஒருவர் பின் ஒருவராகத் தொட்டு எண்ணினோம். எவரும் நகைக்கவில்லை.

ஏழையின் திருப்பயணம் எந்நாட்டிலும் இடர் நிறைந்ததே. மெக்சிகோ நகரில் குவாடலூப்பே அன்னையின் திருநாளான டிசம்பர் 12-க்கு, தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து நடந்தும் மிதிவண்டியிலும் வரும் எளியோர் கணக்கற்றவர். இரவில் நடைபாதையிலேயே உறங்குவோர் பலர். அவ்வன்னையின் காட்சியை 1531-ஆம் ஆண்டில் கண்டவராகப் போற்றப்படும் யுவான் தியேகோவும் ஓர் ஏழையே. 2002-ஆம் ஆண்டில் புனிதராக உயர்த்தப்பெற்றார். நோயுற்ற மாமனுக்காகக் குருவை அழைக்க விரைந்த அவர், நேரமாகிவிடும் என அஞ்சி, அன்னை நிற்கும் இடத்தைத் தவிர்த்து வேறு வழியே சென்றதாகவும், அன்னையே குன்றினின்று இறங்கி வந்து அவரை எதிர்கொண்டதாகவும் மரபு கூறும். தவறிப் போனவரைத் தேடி வரும் தாய் அவர். நமக்கும் அன்று அத்தாயின் கை ஒரு பூக்காரப் பெண்ணின் கையாக வந்தது.

வேளாங்கண்ணியிலிருந்து திரும்பியதும் நம் பங்கில் சில வழக்கங்களை ஏற்படுத்தினோம். பயணம் புறப்படும் குடும்பங்களுக்கு அவை உதவக்கூடும். இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவர் இல்லாமல் மற்றவர் வண்டி ஏறக்கூடாது என்று வைத்தோம். ஒவ்வொருவர் கையிலும் ஐம்பது ரூபாய் சில்லறையாகக் கொடுக்கிறோம். அதற்குக் கணக்குக் கேட்பதில்லை. பெயரும் இரண்டு தொலைபேசி எண்களும் எழுதிய சீட்டு எல்லார் பையிலும் இருக்கும். பொதுப் பணத்தின் ஒரு பகுதி எப்போதும் ஒரு பெண்மணியிடம் இருக்கும். குழு இரண்டாகப் பிரிந்தால் இரு தொகைகளையும் கூட்டிப் பார்த்த பின்னரே முதல் வண்டி புறப்படும். இடையே பார்க்கும் ஊர் ஒன்று குறைந்தாலும் குற்றமில்லை.

ஆலயத்தில் இயேசுவைக் கண்டடைந்த நிகழ்ச்சியைத் திருச்சபை செபமாலையின் மகிழ்ச்சி மறைபொருள்களுள் ஐந்தாவதாக வைத்துள்ளது. அவரைக் காணாமற்போக்கிய அதே நிகழ்ச்சியை அன்னையின் ஏழு வியாகுலங்களுள் மூன்றாவதாகவும் வைத்துள்ளது. முன்பு இது நமக்குப் புதிராயிருந்தது. இப்போது அவ்வாறில்லை.

2025-ஆம் ஆண்டிலும் அந்த அன்னை நம்முடன் வந்தார். தாம்பரம் ரயில் நிலையத்தில் நாம் பெயர்ப் பட்டியலை எடுத்ததும் எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னே வந்து நின்றார். "சாமி, முதல்ல என்னை எண்ணிக்குங்க" என்றார். எண்ணிக்கொண்டோம்.