அடுத்த கிராபிக்ஸ் கார்டு வரட்டும்னு காத்திருக்கலாமா? தேனி எடிட்டர்களின் 59 ஆயிரம் ரூபாய் கேள்வி

முகூர்த்த சீசன் முடிந்து கையில் கொஞ்சம் பணம் நிற்கும் நேரத்தில்தான் தேனி, கம்பம், சின்னமனூர் பக்கத்து வீடியோ எடிட்டர்களுக்கு இந்தக் கேள்வி வரும். கம்ப்யூட்டரில் 4கே கல்யாண வீடியோ திணறுகிறது. புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் வேலை ஓடும். ஆனால் யூடியூபைத் திறந்தால் வேறு பேச்சு: “அண்ணே, இப்ப வாங்காதீங்க, ஆர்டிஎக்ஸ் 60 வரப்போகுதாம்!”

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 இந்தியாவில் அறிவிக்கப்பட்டபோது அதன் தொடக்க விலை 59 ஆயிரம் ரூபாய். சின்ன ஸ்டுடியோவுக்கு இது சில கல்யாண ஆர்டர்களின் லாபம். அதை இப்போதே போடுவதா, நிறுத்தி வைப்பதா? பதில் தெரிய, வராத கார்டு பற்றிய பேச்சு எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு பலிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

லீக் எங்கிருந்து கசிகிறது?

ஒரு கார்டு ஒரே இடத்தில் தயாராவதில்லை. வடிவமைப்பு என்விடியா அல்லது ஏஎம்டி. சிப்பை அச்சடிப்பது பெரும்பாலும் தைவானின் டிஎஸ்எம்சி. மெமரி தருவது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். இவற்றைச் சேர்த்து, ஃபேன் பொருத்திப் பெட்டியில் போடுவது ஏசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் போன்றவை. இத்தனை கை மாறும்போது ரகசியம் ரகசியமாக இருப்பது கஷ்டம். பெங்களூரு, ஹைதராபாத்தில் உள்ள ஆய்வு மையங்களுக்கு வரும் சோதனைப் பாகங்களின் சரக்குப் பதிவுகளைக்கூட லீக் வேட்டைக்காரர்கள் துருவிப் படிக்கிறார்கள்.

அதனால் லீக் எல்லாமே கட்டுக்கதை இல்லை. ஆனால் எல்லா லீக்கும் ஒரே தரமும் இல்லை.

பலித்ததும் பலிக்காததும்

ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுக்கு 32 ஜிபி ஜிடிடிஆர்7 மெமரி என்று முன்கூட்டியே கசிந்தது. 2025 ஜனவரியில் அப்படியே வந்தது. சிப், மெமரி போன்ற விஷயங்களை மாதக்கணக்கில் முன்பே முடிவு செய்தாக வேண்டும். அதனால் இந்த வகை லீக் பலிக்க வாய்ப்பு அதிகம்.

மின்சாரம், விலை, பெயர் ஆகிய மூன்றும் அப்படியில்லை. கடைசி நேரம்வரை மாறும். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 600 வாட் இழுக்கும் என்று இணையமே அலறியது. வந்தபோது 450 வாட். ஆர்டிஎக்ஸ் 4080-ஐ 1,199 டாலருக்கு விற்ற என்விடியா, 5080-க்கு இன்னும் ஏற்றும் என்று பலர் பயந்தார்கள். அறிவித்த விலை 999 டாலர்.

மேடையில் அறிவித்ததே மாறிய கதையும் உண்டு. 2022 செப்டம்பரில் 4080 12 ஜிபி என்று ஒரு கார்டை 899 டாலருக்கு என்விடியா அறிவித்தது. ஒரே பெயரில் இரண்டு தரமா என்று விமர்சனம் கிளம்ப, அக்டோபரில் அதை வாபஸ் வாங்கியது. 2023 ஜனவரியில் அதே கார்டு 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு வந்தது. கம்பெனியே பெயரையும் விலையையும் மாற்றும்போது, ஆறு மாதம் முன்பு யூடியூபில் சொன்ன விலைக்கு என்ன மதிப்பு?

‘4090 வேகம்’ யாருக்கு?

5070 கார்டு 549 டாலருக்கு 4090-ன் வேகம் தரும் என்று 2025 சிஇஎஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் சொன்னார். அது டிஎல்எஸ்எஸ் 4 நுட்பத்தை நம்பிய கணக்கு. கார்டு நிஜமாக வரையும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மூன்று ஃப்ரேம் வரை ஏஐ இட்டு நிரப்பும். கேம் விளையாடுபவருக்கு இது உதவும். கல்யாண வீடியோ ரெண்டர் செய்பவருக்கு இதனால் பயன் இல்லை. 4090-ல் 24 ஜிபி மெமரி; 5070-ல் 12 ஜிபிதான்.

எடிட்டருக்கு உண்மையில் பயன்பட்டது வேறு. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பல 4:2:2 10-பிட் வகையில் வீடியோ பதிவு செய்கின்றன. அதை நேரடியாகக் கையாளும் வசதி 50 வரிசையில்தான் என்விடியா கார்டுகளுக்கு வந்தது. கேமிங் ரிவ்யூவை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் இதைத் தவறவிடுவார்.

அடுத்தது எப்போது?

இதுவரை நடந்ததை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 10 வரிசை 2016 மே, 20 வரிசை 2018 செப்டம்பர், 30 வரிசை 2020 செப்டம்பர், 40 வரிசை 2022 அக்டோபர், 50 வரிசை 2025 ஜனவரி. இடைவெளி 24 முதல் 28 மாதம். அதே போக்கு தொடர்ந்தால் அடுத்த தலைமுறை 2027-ன் முதல் பாதியில் வர வேண்டும். இது கணக்கு மட்டுமே, அறிவிப்பு இல்லை.

டேட்டா சென்டர்களுக்கான அடுத்த தலைமுறைக்கு ‘ரூபின்’ என்று என்விடியா பெயர் வைத்துவிட்டது. வீட்டுக் கார்டும் அதிலிருந்தே வரும் என்பது நியாயமான ஊகம். ‘60 வரிசை’ என்ற பெயரோ, விலையோ ஊகம் மட்டுமே.

இடையில் 50 வரிசைக்கே கூடுதல் மெமரியுடன் ‘சூப்பர்’ கார்டுகள் வரும் என்றும் பேச்சு ஓடியது. ஆனால் 2026 ஜனவரி சிஇஎஸ்ஸில் என்விடியா புது கேமிங் கார்டு எதையும் அறிவிக்கவில்லை. ஏஐ சர்வர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் எங்கும் தட்டுப்பாடு. பொதுமக்களுக்கான ‘க்ரூஷியல்’ மெமரி வியாபாரத்தையே மூடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆக, காத்திருந்தால் விலை குறையும் என்ற பழைய நம்பிக்கை இந்த முறை எடுபடாமல் போகலாம்.

ஏலக்காய் சொல்லும் பாடம்

இந்த விளையாட்டு கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. போடிநாயக்கனூரிலும் கேரளத்தின் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் கீழ் ஏலக்காய் மின்-ஏலம் நடக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு விளைச்சல் சரிந்து, 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-ல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே போனது. ‘இன்னும் ஏறும்’ என்ற பேச்சை நம்பிச் சரக்கைப் பிடித்து வைத்தவருக்கு நஷ்டம். ஏலத்தில் விழும் விலைதான் விலை. அதற்கு முன் பேசுவதெல்லாம் பேச்சு.

கரன்ட் பில்லும் கணக்கில் வரட்டும்

புதியது என்றால் மின்சாரம் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். 4090-ஐவிட 5090 அதிகம் இழுக்கும்: 575 வாட். தினம் 4 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 138 யூனிட். தமிழகத்தில் 2016-ல் வந்த 100 யூனிட் இலவச மின்சாரத்தை அந்த ஒரு கார்டே தின்றுவிடும். 250 வாட் 5070-க்கு அதே கணக்கில் 60 யூனிட்.

சரி, என்னதான் செய்வது?

இருக்கும் கார்டில் வேலை தாமதமாகி ஆர்டர் கை நழுவுகிறது என்றால், வராத கார்டுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ரெண்டரில் மாதம் எத்தனை நாள் மிச்சமாகும், அந்த நாளில் எத்தனை ஆர்டர் முடியும் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். மெமரி 12 ஜிபி போதுமா, 16 ஜிபி வேண்டுமா என்பதை எடிட்டிங் டைம்லைனை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். என்விடியாவின் மென்பொருள் கட்டாயமில்லை என்றால், 2025 மார்ச்சில் 16 ஜிபியுடன் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 பக்கமும் பார்க்கலாம்.

மாறாக, வேலை நன்றாக ஓடுகிறது, ‘புதுசு வேணும்’ என்ற ஆசைதான் காரணம் என்றால், காத்திருப்பதால் எதுவும் கெடாது. புது கார்டு வந்ததும் முதல் நாளே வாங்கவும் தேவையில்லை. கம்பெனி மேடையில் காட்டும் பட்டை வரைபடத்தை விட்டுவிட்டு, அதே எடிட்டிங் மென்பொருளில் தனிப்பட்ட சோதனைகள் வரும்வரை பொறுத்தால் போதும். அவை பெரும்பாலும் கார்டு கடைக்கு வரும் வாரத்திலேயே வந்துவிடுகின்றன.